அச்சு விளம்பரம் எதனால் கண்ணில் நிற்கிறது, எதனால் தவறிப்போகிறது: கடலூர், புதுச்சேரி வணிகர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ காலையில் வரும் தமிழ் நாளிதழை விரித்தால் ஆடித் தள்ளுபடி, மனைப்பிரிவு விற்பனை, கல்லூரிச் சேர்க்கை, நகைக்கடைத் திறப்பு விழா என்று விளம்பரங்கள் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்; நடுவிலிருந்து இரண்டு மூன்று நோட்டீஸ்களும் நழுவி விழும். அவற்றில் பெரும்பாலானவற்றின்மீது வாசகரின் கண் பட்டும் படாமலும் நகர்ந்துவிடுகிறது. வண்ணம் போதவில்லை, படம் போதவில்லை என்று கடைக்காரர் நினைத்து, அடுத்த முறை இன்னும் அதிக வண்ணத்தையும் இன்னும் அதிகப் படங்களையும் கேட்கிறார். உண்மையில், வாசகர் எதை முதலில் பார்க்க வேண்டும், அதன்பின் எதைப் படிக்க வேண்டும் என்பதை யாருமே முடிவு செய்யாமல் அந்த விளம்பரம் அச்சேறியிருக்கும். வடிவமைப்பு என்று இந்த வழிகாட்டியில் நான் சொல்வது அந்த முடிவைத்தான். எழுத்துரு, வண்ணம், படம், வெற்றிடம் ஆகிய அனைத்தும் அந்த முடிவைத் தாளில் நிறைவேற்றும் கருவிகள்.

விளக்கத்துக்காகக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பகுதியில் ஒரு பாத்திரக் கடை. தை மாதத் திருமணங்களை ஒட்டிச் சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு விளம்பரம் தர விரும்புகிறது. உரிமையாளர் தரும் குறிப்பில் கடையின் பெயர், குலதெய்வத்தின் படம், நிறுவனரின் புகைப்படம், பன்னிரண்டு வகைப் பொருள்கள், இரண்டு முகவரிகள், ஐந்து தொலைபேசி எண்கள், ‘நம்பிக்கையும் நாணயமும்’ என்ற வாசகம், இலவசப் பரிசு, ‘பெயர் வெட்டித் தரப்படும்’, ‘மண்டபத்துக்கே கொண்டுவந்து தரப்படும்’ ஆகிய அனைத்தும் இருக்கின்றன. நம் பகுதியின் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையங்களுக்கு வரும் குறிப்புகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இதிலிருந்து ஒரு நல்ல விளம்பரத்தை எப்படி உருவாக்குவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: கணினியைத் திறக்கும் முன் நான்கு கேள்விகள்

யார் படிக்கப் போகிறார்? எங்கே, எவ்வளவு நேரம் படிப்பார்? எந்தத் தாளில் அச்சாகப் போகிறது? படித்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதி, உரிமையாளரிடம் வாசித்துக் காட்டி, அவருடைய ஒப்புதலைப் பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

நம் பாத்திரக் கடைக்கு வாசகர் மணப்பெண்ணின் பெற்றோர்; பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள், எனவே வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் படிக்க முயல்வார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். படிக்கும் இடம் வீட்டுத் திண்ணையோ தேநீர்க் கடையோ ஆகலாம். தாள், செய்தித்தாள். செய்ய வேண்டியது, கடைக்குத் தொலைபேசியில் அழைப்பது அல்லது நேரில் வருவது. இந்த விடைகள் எழுத்தின் அளவு முதல் தொலைபேசி எண் அமையும் இடம் வரை பலவற்றை அப்போதே தீர்மானித்துவிடுகின்றன.

இரண்டாம் படி: ஒரே செய்தியைத் தேர்ந்தெடுத்தல்

பயனற்ற விளம்பரங்களில் பெரும்பாலானவை தோற்கும் இடம் இதுதான். பத்துச் செய்திகளுக்குச் சம இடம் கொடுத்தால் பத்தும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். உரிமையாளருக்குத் தம் கடையின் பெயரே முதன்மையானது. ஆனால் அந்தக் கடையை இன்னும் அறியாத வாசகருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்வதில்லை. ‘நம்பிக்கையும் நாணயமும்’ என்ற வாசகம் நகைக் கடைக்கும் பொருந்தும், சீட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும், மருந்துக் கடைக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்துவது எவரையும் அடையாளம் காட்டாது.

நம் குறிப்பில் ஒளிந்திருக்கும் உண்மையான செய்தி, பெயர் வெட்டித் தருவதும் மண்டபத்துக்கே கொண்டுவந்து தருவதும்தான். திருமண வேலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தந்தைக்கு, குடம் முதல் கரண்டி வரை ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டச் சொல்லிக் காத்திருப்பதும், அத்தனையையும் வண்டி பிடித்து மண்டபத்துக்கு ஏற்றிச் செல்வதும் பெரும் சுமை. அந்தச் சுமையைக் கடை ஏற்றுக்கொள்கிறது என்றால் அதுவே தலைப்பாக வேண்டும்: ‘சீர்ப் பாத்திரங்கள், பெயர் வெட்டி, மண்டபத்துக்கே வந்துசேரும்’. இந்தத் தலைப்பைப் படித்தவருக்கு இது யாருக்கான விளம்பரம், அவருக்கு என்ன நன்மை என்ற இரண்டும் விளங்கிவிடுகின்றன. வேறு எதையும் படிக்காமல் பக்கத்தைத் திருப்பினாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

தலைப்பு நீளமாக இருக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தெளிவான எட்டுச் சொற்கள், மங்கலான இரண்டு சொற்களைவிட மேல் என்பதே என் கருத்து. ‘மாபெரும்’, ‘அதிரடி’, ‘பிரம்மாண்டம்’ போன்ற சொற்கள் அன்றாடம் அச்சேறித் தேய்ந்துபோனவை. அவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு விலையையோ தேதியையோ பொருளின் பெயரையோ வைத்தால் விளம்பரம் உடனே உயிர்பெறும்.

மூன்றாம் படி: பென்சிலால் வரிசையை வரைதல்

ஏறத்தாழ கால் பக்க விளம்பரம் என்றால், 16 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் உள்ள கட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து, அதற்குள் தலைப்பு, படம், விவரம், கடையின் பெயர், தொடர்பு என்ற ஐந்து பகுதிகளை மட்டும் பெட்டிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று தெளிவாக வேறுபட வேண்டும். முதன்மையான எழுத்து 48 புள்ளி (கணினியில் எழுத்தின் அளவைக் குறிக்கும் ‘பாயின்ட்’) என்றால் அடுத்தது 40 ஆக இருப்பதில் பயனில்லை. 24 ஆக இருந்தால்தான் எது பெரியது என்பது ஐயமின்றித் தெரியும். அதற்கடுத்த விவரம் 11 அல்லது 12 புள்ளியில் அமையலாம்.

வெற்றிடத்தைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்களில் அதிகமாக எதிர்க்கப்படுவது இதுதான். சதுர சென்டிமீட்டர் கணக்கில் பணம் கட்டுகிறவருக்கு, ஒன்றும் அச்சிடாத இடம் வீணாகப்போன பணமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் செய்தித்தாளின் பக்கம் முழுவதும் எழுத்தாலும் படத்தாலும் நெருங்கிக் கிடக்கிறது. அதில் கண்ணை நிறுத்தவல்லது, அந்த நெருக்கத்திலிருந்து விலகி நிற்கும் வெளிதான். 1959-இல் அமெரிக்காவில் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் காருக்காக உருவாக்கிய விளம்பரத்தில், பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்டு, சிறிய கார் ஒன்றின் படம் ஒரு மூலையை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரு குறுகிய தலைப்பும் மூன்று பத்தி விளக்கமும் மட்டுமே. பெரிய கார்களை விரும்பிய நாட்டில், காரின் சிறுமையையே அதன் சிறப்பாகச் சொன்ன அந்த விளம்பரத்தில் வெற்றிடமே வாதத்தின் பாதியைச் சுமந்தது. நம் பாத்திரக் கடைக்கு அந்த அளவு வெறுமை தேவையில்லை. தலைப்பைச் சுற்றி ஒன்றரை சென்டிமீட்டரும், ஓரங்களில் ஒரு சென்டிமீட்டரும் விட்டாலே பக்கத்திலுள்ள மற்ற விளம்பரங்களிலிருந்து அது பிரிந்து தெரியும்.

வளைவுக் கோடுகள், பூக்கரைகள், நட்சத்திர வெடிப்புக்குள் ‘இலவசம்’ ஆகியவற்றை இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிடலாம். ஒரு விளம்பரத்தில் ஒரு வெடிப்புக்கு மேல் இருந்தால் எதுவும் வெடிக்காது.

தெய்வப் படத்தையும் நிறுவனரின் படத்தையும் வைத்தே ஆக வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினால் மறுக்க வேண்டியதில்லை. அது குடும்பத்தின் நம்பிக்கை, மதிக்க வேண்டும். கடைப்பெயருக்கு மேலே, அதனுடன் சேர்ந்த ஒரே அடையாளமாகச் சிறிய அளவில் அமைத்தால், தலைப்போடு போட்டியிடாமல் அதன் இடத்தில் இருக்கும்.

நான்காம் படி: படம்

ஒரு பெரிய படம், ஆறு சிறிய படங்களைவிட வலியது. நம் கடைக்குத் தேவையான படம், பெயர் வெட்டிய ஒரு பித்தளைக் குடத்தின் அண்மைக் காட்சி. எழுத்துகள் குடத்தின் கழுத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட படம் தலைப்பு சொல்வதை மெய்ப்பிக்கிறது. இணையத்திலிருந்து எடுத்த, எங்கோ வடநாட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு தம்பதியின் படம் எதையும் மெய்ப்பிப்பதில்லை. அதே படம் மறுவாரம் மரச்சாமான் கடை விளம்பரத்திலும் வரக்கூடும், அதோடு உரிமச் சிக்கலும் உண்டு.

தொழில்நுட்பமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டுவிடுகிறது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நோட்டீஸுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் என்ற அளவு), செய்தித்தாளுக்கு 200 டிபிஐ என்பது பொதுவான அளவு. அதன்படி 1,200 பிக்சல் அகலமுள்ள படம் நோட்டீஸில் 4 அங்குலத்துக்கும் செய்தித்தாளில் 6 அங்குலத்துக்கும் மட்டுமே போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கலங்கித் தெரியும்.

ஐந்தாம் படி: தமிழ் எழுத்தை அமைத்தல்

விளம்பர வடிவமைப்பு குறித்துக் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தமிழுக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்வதால் வரும் கேடுகளை நாள்தோறும் பார்க்கிறோம்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. எனவே ஒரு சொல்லை உயர்த்திக் காட்ட நமக்கு இருப்பவை அளவு, தடிப்பு, வண்ணம், இடம் ஆகியவை மட்டுமே. சாய்வெழுத்தும் தமிழ் மரபில் இல்லை. கணினி வலுக்கட்டாயமாகச் சாய்க்கும் எழுத்தில் கொம்பும் சுழியும் உருக்குலைந்து, வாசிப்பு தடைபடும்.

அதைவிடப் பெரிய கேடு, எழுத்தை இடத்துக்காக நெருக்குவது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ‘கொண்டுவந்து தரப்படும்’ என்று வளர்ந்துகொண்டே போகும். கோரல் டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் பெட்டியின் பக்கத்தைப் பிடித்து இழுத்து எழுத்தைக் குறுக்கினால், நெடுக்குக் கோடுகள் மெலிந்துபோகின்றன, அவற்றின் அருகில் கிடைக்கோடுகள் தடித்துத் தெரிகின்றன. ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடுகின்றன. இடம் போதவில்லை என்றால் சொற்களைக் குறைக்க வேண்டும், அல்லது இயல்பாகவே ஒடுக்கமாக வரையப்பட்ட எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘மண்டபத்துக்கே கொண்டுவந்து தரப்படும்’ என்பதை ‘மண்டபத்துக்கே வரும்’ என்று எழுதினால் இடமும் மிஞ்சும், செய்தியும் விரையும்.

வரிகளுக்கு இடையே போதிய இடைவெளி விடுவதும் தமிழுக்கு இன்றியமையாதது. மேலே ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் விசிறிகளும் கீழே ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் வால்களும் நீள்வதால், நெருங்கிய வரிகளில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும். 11 புள்ளி எழுத்துக்கு, ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை 15 அல்லது 16 புள்ளி வரியிடைவெளி கொடுக்கலாம். குறுகிய பத்தியில் இருபுறமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பெரும் ஓட்டைகள் விழும். இடப்புறம் மட்டும் சீராக்கி விட்டுவிடுவது நல்லது.

தலைப்பை எங்கே முறிக்கிறோம் என்பதும் பொருளை மாற்றும். ‘சீர்ப் பாத்திரங்கள் பெயர் / வெட்டி மண்டபத்துக்கே வந்துசேரும்’ என்று முறித்தால் வாசகர் தடுமாறுவார். ‘சீர்ப் பாத்திரங்கள் / பெயர் வெட்டி / மண்டபத்துக்கே வந்துசேரும்’ என்று மூச்சு நிற்கும் இடத்தில் முறிக்க வேண்டும். உரக்கப் படித்துப் பார்த்தால் முறிக்க வேண்டிய இடம் தானாகவே விளங்கும்.

ஒரு விளம்பரத்துக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும். யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்திருந்தால், அச்சகத்துக்கோ நாளிதழுக்கோ அனுப்பும் முன் எழுத்தை வளைகோடுகளாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கே அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழு விளம்பரமும் புரியாத குறிகளாகத் திறக்கும். மாற்றிய பின் திருத்த முடியாது என்பதால் மூலக்கோப்பையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

சுவரொட்டிக்குக் கணக்கு வேறு. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து எளிதாகப் படிக்கலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. கடலூர்ப் பேருந்து நிலையத்தில் முப்பதடி தள்ளி நிற்பவர் படிக்க மூன்று அங்குல எழுத்து வேண்டும். 20-க்கு 30 அங்குல டபுள் கிரவுன் தாளைக் கிடைமட்டமாக வைத்தாலும் ஒரு வரியில் எட்டுப் பத்து எழுத்துகளுக்கு மேல் அடங்காது. சுவரொட்டியில் முகவரி, பொருள் பட்டியல் ஆகியவற்றைத் திணிப்பது ஏன் வீண் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

ஆறாம் படி: தாளையும் மையையும் அறிந்து வண்ணம் தேர்தல்

கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த விளம்பரம் மறுநாள் நாளிதழில் மங்கிக் கிடப்பதைக் கண்டு கடைக்காரர் வடிவமைப்பாளரைக் கடிந்துகொள்வதும், வடிவமைப்பாளர் அச்சகத்தைக் குறை கூறுவதும் வழக்கம். காரணம் தாளில் இருக்கிறது. செய்தித்தாள் பூச்சில்லாத, மை உறிஞ்சும் தாள். அதில் விழும் ஒவ்வொரு மைப்புள்ளியும் சற்றே பரவி விரியும். அதனால் படம் திரையில் கண்டதைவிட இருண்டு தெரியும், மெல்லிய கோடுகள் தடிக்கும், கறுப்புப் பின்னணியில் விட்ட சிறிய வெள்ளை எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபடும். வழவழப்பான ஆர்ட் தாளில் இந்தப் பரவல் மிகக் குறைவு.

திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் காட்டுகிறது. திரையின் மின்னும் பச்சையும் ஊதாவும் மையில் கிடைக்காது. எனவே தொடக்கத்திலேயே கோப்பை நான்கு மை முறையில் அமைத்து, செய்தித்தாளுக்கு ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால் வரும் அளவு சுமார் 240 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் மை காயாமல் மறுபக்கத்திலும் விரலிலும் ஒட்டும்.

சிறிய எழுத்துகளுக்குக் கறுப்பு மை ஒன்றை மட்டுமே பயன்படுத்துங்கள். நான்கு மைகளாலும் ஆன கறுப்பில் சிற்றெழுத்தை அமைத்தால், மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் (பிளேட்டுகளில்) ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வோர் எழுத்துக்கும் சிவப்பு, நீல நிழல்கள் விழும். சிவப்புப் பின்னணியில் பச்சை எழுத்து கண்ணைக் கூசச் செய்யும்; வெள்ளையில் மஞ்சள் தெரியாது; மஞ்சளில் கறுப்பு தொலைவிலிருந்தும் தெளிவாகத் தெரியும். முழு வடிவமைப்பையும் ஒருமுறை கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை: அப்போதும் தலைப்பு முந்தி நின்றால் வண்ணம் அதற்குத் துணை செய்யும், அப்போது தலைப்பு கரைந்துபோனால் வண்ணத்தால் மட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

பித்தளையைக் காட்ட வேண்டிய நம் விளம்பரத்தில் பின்னணியை வெள்ளையாக விட்டு, குடத்தின் பொன்னிறத்தை மட்டும் வண்ணமாக வைத்து, தலைப்பைத் தடித்த கறுப்பில் அமைப்பேன்.

ஏழாம் படி: முகவரி, தொடர்பு, நிபந்தனை

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சுமார் 25 கி.மீ. தூரம்தான், வாடிக்கையாளர் இரு புறமிருந்தும் வருகிறார். ஆகவே தரைவழித் தொலைபேசி எண்ணுக்கு முன் கடலூரின் 04142 அல்லது புதுச்சேரியின் 0413 என்ற குறியீடு கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து எண்களுக்குப் பதில், யாராவது உறுதியாக எடுத்துப் பேசும் ஓர் எண்ணைப் பெரிதாக வைப்பது மேல். கைபேசி எண்ணை ஐந்தைந்து இலக்கங்களாகப் பிரித்து அச்சிட்டால் பார்த்து அழுத்த எளிது. முகவரியில் கதவு எண்ணோடு அடையாளமும் தேவை: ‘லாரன்ஸ் ரோடு’ என்பதோடு அருகிலுள்ள கோயிலோ வங்கியோ, புதுச்சேரிக் கடை என்றால் ‘நேரு வீதி, மிஷன் வீதிச் சந்திப்பு அருகில்’ என்பது போல. க்யூஆர் குறியீடு வைத்தால் 2 செ.மீ.-க்குக் குறையாமல், வெள்ளைப் பின்னணியில் வையுங்கள்.

நிபந்தனைகளைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓரத்தில் ஒளிப்பது வாசகரை ஏமாற்றும் செயல். சட்டமும் அதை ஏற்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2022-இல் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனைக் குறிப்பு, அது விளக்கும் விளம்பரக் கூற்றின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் அமைய வேண்டும். தமிழில் பெரிதாக ‘50 சதவீதம் தள்ளுபடி’ என்று போட்டுவிட்டு, நிபந்தனையை ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் வைப்பது இதற்கு மாறானது. மனை விற்பனை விளம்பரமாயின், பதிவு பெற வேண்டிய திட்டங்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தந்த பதிவு எண்ணும் அந்த ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாக இடம்பெற வேண்டும். இவற்றுக்கான இடத்தைப் பென்சில் வரைவிலேயே ஒதுக்கிவிட்டால் கடைசி நேரத்தில் திணிக்க வேண்டி வராது.

எட்டாம் படி: புரூஃப் (அச்சுக்கு முந்தைய சரிபார்ப்புப் படி)

திரையில் பார்த்து ஒப்புதல் தரக் கூடாது. உண்மையான அளவில் அச்சிட்டு, அதைப் பழைய நாளிதழ்ப் பக்கம் ஒன்றின்மீது ஒட்டி, இந்தத் தொழிலில் இல்லாத ஒருவரிடம் மூன்று நொடி காட்டி மூடிவிட்டு, ‘என்ன பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். ‘பெயர் வெட்டித் தருகிறார்களாம்’ என்று சொன்னால் வடிவமைப்பு வேலை செய்கிறது. ‘ஏதோ பாத்திரக் கடை’ என்றால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும்.

பிறகு எழுத்துப்பிழைகள்: ல, ள, ழ, ர, ற, ண, ன, ஒற்று மிகும் இடங்கள். ‘இலவச பரிசு’ என்பதை ‘இலவசப் பரிசு’ என்று திருத்துவதைச் சிலர் தேவையற்றது என்கிறார்கள். பிழையோடு அச்சேறிய ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து முகம் சுளிக்கும் வாசகர்கள் நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள், அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியில் பாருங்கள். தொலைபேசி எண்ணை அச்சிட்ட தாளைப் பார்த்தே அழைத்துப் பாருங்கள். நோட்டீஸாயின் வெட்டுக்காக நாற்புறமும் 3 மி.மீ. கூடுதல் வண்ணம் நீட்டி, எழுத்துகளை விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே வைத்திருக்கிறீர்களா என்றும் சரிபார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பலனை அளத்தல்

விளம்பரம் வந்த நாளிலிருந்து இரண்டு வாரங்களுக்கு, அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு ஒரு நோட்டில் குறிக்கக் கடைப் பணியாளருக்குச் சொல்லி வையுங்கள். நாளிதழுக்கு ஓர் எண்ணும் நோட்டீஸுக்கு வேறோர் எண்ணும் கொடுத்தால் கேட்காமலே தெரியும். நோட்டீஸைக் கொண்டுவருவோருக்கு ஒரு சிறு சலுகை வைத்தால், திரும்பி வரும் நோட்டீஸ்களை எண்ணலாம். அவற்றைக் கடலூர்ப் பகுதி, பாகூர்ப் பகுதி, புதுச்சேரி நகரம் என்று பின்பக்கத்தில் ஓர் எழுத்தால் வேறுபடுத்தி அச்சிட்டால், எந்தப் பகுதியில் பணம் பயன்பட்டது என்பதும் விளங்கும்.

அடுத்த முறை விளம்பரத்தை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தலைப்பை, அல்லது படத்தை, அல்லது வெளியாகும் கிழமையை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அழைப்புகள் கூடியதற்கோ குறைந்ததற்கோ காரணம் தெரியாது. ஒவ்வொரு விளம்பரத்தின் நறுக்கையும் வெளிவந்த தேதி, பதிப்பு, செலவு, வந்த அழைப்புகள் ஆகியவற்றோடு ஒரு கோப்பில் ஒட்டி வைத்து, ஆவணி முகூர்த்தங்களுக்கான விளம்பரத்தைத் திட்டமிட உட்காரும்போது, உரிமையாளரும் வடிவமைப்பாளரும் முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசத் தொடங்க வேண்டும்.